பாடகிகளுடன் ஊர் ஊராக: ஜாஸ் வாத்தியக்காரர்களின் நினைவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜாஸ் பாடல்களைக் கேட்கத் தொடங்கும் நண்பர்கள் கொஞ்ச நாளில், பாடியவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் சொன்ன கதைகளுக்கும் வந்து சேர்கிறார்கள். அப்புறம் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 1930கள் முதல் 1960கள் வரையிலான அமெரிக்காவைப் பற்றியது இது.

ஜாஸ் என்றாலே சாக்ஸபோன், டிரம்பெட்தானே? அதில் பாடகருக்கு என்ன வேலை?

1930களில் ஜாஸ் அமெரிக்காவின் நடன இசை. பதினான்கு, பதினைந்து பேர் கொண்ட பிக் பேண்ட் மேடையில் வாசிக்கும். கீழே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். பாடகர், அநேகமாக ஒரு பெண், மேடையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டின் நடுவே எழுந்து வந்து ஒரு சுற்று பாடிவிட்டுத் திரும்பப் போய் உட்காருவார். இசைத்தட்டில் குழுத் தலைவரின் பெயர் பெரிதாக இருக்கும். பாடியவரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்.

ஆனால் கூட்டம் யாருக்காக வந்தது என்று பார்த்தால் கதை வேறு. ட்யூக் எலிங்டன் குழுவில் ஐவி ஆண்டர்சன் 1931 முதல் 1942 வரை பாடினார். கவுன்ட் பேசி குழுவுக்கு ஜிம்மி ரஷிங் என்ற கனத்த சரீரக்காரர் ப்ளூஸ் பாடினார். டிரம்ஸ் மேதை சிக் வெப் 1935இல் ஒரு பதினேழு வயதுப் பெண்ணைத் தயங்கித் தயங்கித்தான் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆள் பார்க்க மேடைக்கு ஏற்றவராக இல்லை என்பது அவருடைய கவலை. அந்தப் பெண் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1938இல் அவர் பாடிய ஒரு பாட்டுதான் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் மட்டும் பெரிதாகப் பேசப்பட்ட வெப் குழுவை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1939இல் வெப் இறந்தபிறகு குழு எல்லாவின் பெயரிலேயே 1942 வரை நடந்தது.

'ரோடு' 'ரோடு' என்கிறார்களே, அது வெறும் கச்சேரிப் பயணம்தானா?

பயணம்தான், ஆனால் முடிவே இல்லாத பயணம். ஓர் ஊரில் ஓர் இரவு மட்டும் வாசிப்பதை 'ஒன் நைட்டர்' என்பார்கள். நள்ளிரவு தாண்டி ஆட்டம் முடியும். வாத்தியங்களைக் கட்டிப் பேருந்தில் ஏற்றி, உட்கார்ந்தபடியே தூங்கி, முந்நூறு நானூறு மைல் தள்ளி அடுத்த ஊரில் இறங்கி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி மேடை ஏற வேண்டும். இப்படியே வாரக் கணக்கில். நகரத்துத் தியேட்டர்களில் வேறு மாதிரி வேலை: ஒரு சினிமா, ஒரு இசை நிகழ்ச்சி, மறுபடி சினிமா என்று காலையிலிருந்து இரவுவரை ஒரே நாளில் நான்கைந்து முறை மேடை ஏற வேண்டும்.

எலிங்டன் போன்ற பெரிய குழுக்கள் தெற்கு மாநிலங்களுக்குப் போகும்போது தனி ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டன. தூக்கம், சாப்பாடு எல்லாம் அதிலேயே. அந்த ஏற்பாடு சொகுசுக்காக இல்லை. கறுப்பினத்தவருக்கு ஹோட்டலில் அறையும் உணவகத்தில் இடமும் கிடைக்காத ஊர்கள் அவை. கேப் காலோவே குழுவில் 1936 முதல் 1951 வரை பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) வாசித்த மில்ட் ஹின்டன் கையில் எப்போதும் கேமரா இருக்கும். ரயிலில் வாயைத் திறந்தபடி தூங்கும் சக கலைஞர்கள், 'கறுப்பினத்தவர் வாசல்' என்று எழுதிய ரயில் நிலையப் பலகைகள் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. வாழ்நாளில் அவர் எடுத்தவை சுமார் 60,000 நெகடிவ்கள். ரோடு என்றால் என்ன என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தப் படங்கள் நன்றாகச் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

பேருந்து முழுக்க ஆண்கள், நடுவே ஒரே ஒரு பெண். எப்படிச் சமாளித்தார்கள்?

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக. சாரா வான் 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் பாடகியாகவும் இரண்டாவது பியானோக்காரராகவும் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதே குழுவில் டிரம்பெட் வாசித்த டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கரும் இருந்தார்கள். சாரா எங்களில் ஒருவராகவே இருந்தார், எங்கள் பேச்சையே பேசினார் என்றுதான் டிஸ்ஸி பின்னாளில் நினைவுகூர்ந்தார். வாயில் வரும் வார்த்தைகளுக்காகவே அவருக்கு 'செய்லர்' (மாலுமி) என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இன்னொரு பெயரான 'சாஸி'யை (துடுக்குக்காரி) வைத்தது பியானோ வாசித்த ஜான் மலாக்கி. கூச்சக்காரி என்று சிறுவயதில் பேரெடுத்த பெண், அந்தப் பேருந்தில் இடம்பிடிக்கக் கற்றுக்கொண்ட வழி இது.

பில்லி ஹாலிடே கவுன்ட் பேசி குழுவின் பேருந்தில் ஆண்களுக்குச் சமமாகப் பகடை ஆடினார். ஒரு முறை பலருடைய பணத்தையும் வென்றுவிட்டு, அவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பக் கூடாதென்று கொஞ்சம் திருப்பிக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அனிதா ஓ'டே வேறு வழி பிடித்தார். 1941இல் ஜீன் க்ரூபா குழுவில் சேர்ந்தபோது, பாடகிகள் வழக்கமாகப் போடும் தரைதொடும் கவுனை மறுத்துவிட்டு, ஆண்கள் போட்ட அதே சீருடைக் கோட்டைப் பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டார். கவுனைத் துவைத்து இஸ்திரி போடும் செலவும் தலைவலியும் ஒரு காரணம். தன்னை அலங்காரப் பொம்மையாகப் பார்க்காமல் இசைக்கலைஞராகப் பார்க்க வேண்டும் என்பது பெரிய காரணம்.

எல்லாரும் சிரித்துச் சொன்ன கதைகள்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சிரித்துச் சொல்ல முடியாதவை எத்தனையோ இருந்திருக்கும். பெண்கள் எழுதிய நினைவுகளைப் படிக்கும்போது அது வரிக்கு வரி தெரியும்.

முன்னால் நின்று பாடுகிறவருக்குத்தானே சம்பளம் அதிகமாக இருந்திருக்கும்?

இல்லை. வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, குறைந்தபட்சக் கூலி இருந்தது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் சேர்த்தி இல்லை. தலைவர் கொடுப்பதுதான் சம்பளம். பேசி குழுவில் தனக்கு நாளுக்கு 14 டாலர் என்று பில்லி ஹாலிடே சொல்லியிருக்கிறார். கேட்க நல்ல தொகையாகத் தோன்றும். அறை வாடகை, சாப்பாடு, மேடை உடை, தலை அலங்காரம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

ஃபிராங்க் சினாட்ரா 1939இல் ஹாரி ஜேம்ஸ் குழுவில் வாரம் 75 டாலருக்குப் பாடினார். அடுத்து டாமி டோர்ஸி குழுவில் 1940 முதல் 1942 வரை. அங்கிருந்து விலக வேண்டுமென்றால், இனிவரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை டோர்ஸிக்கும் அதுபோக பத்து சதவீதத்தை அவருடைய மேலாளருக்கும் தர வேண்டும் என்று ஒப்பந்தம். அதிலிருந்து மீள அவர் பெரும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளையர் குழுவில் கறுப்பினப் பாடகி என்றால் என்ன நடந்தது?

1938இல் ஆர்ட்டி ஷா தன் குழுவில் பில்லி ஹாலிடேயைச் சேர்த்தார். ஒரு வெள்ளையர் குழு கறுப்பினப் பாடகியை முழுநேரமாக வைத்துக்கொண்டு தெற்கே பயணம் போவது அன்றைக்குப் பெரிய துணிச்சல். ஹோட்டலில் இடமில்லை, சாப்பாட்டுக் கடையில் இடமில்லை, சில இடங்களில் கழிப்பறைகூட இல்லை. குழுவில் ஹெலன் ஃபாரஸ்ட் என்ற வெள்ளைப் பாடகியும் சேர்க்கப்பட்டார். ஆனால் பில்லியை உடைத்தது தெற்கு இல்லை. அவர் குடியிருந்த நியூயார்க்கிலேயே, குழு வாசித்துக்கொண்டிருந்த லிங்கன் ஹோட்டலில், விருந்தினர் கண்ணில் படாமல் சரக்கு லிஃப்டில் ஏறி வரச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார்.

கறுப்பினக் குழுவோடு போனாலும் சிக்கல்தான். பேசி குழுவுடன் டெட்ராய்ட்டில் பாடியபோது, விளக்கு வெளிச்சத்தில் பில்லி வெள்ளைக்காரி போலத் தெரிந்துவிடுவார், கறுப்பின ஆண்கள் நடுவே வெள்ளைக்காரியா என்று கலவரம் வரும் என்று பயந்து, முகத்தில் கறுப்புச் சாயம் பூசவைத்தார்கள். பூசாவிட்டால் குழுவுக்கே வாய்ப்பில்லை. இதைச் சொன்னவர் பில்லியே.

புகழின் உச்சியில் இருந்தவர்களையும் இது விடவில்லை. 1954இல் ஆஸ்திரேலியாவுக்குக் கச்சேரிக்குப் போகும் வழியில், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய பியானோக்காரர் ஜான் லூயிஸும் உதவியாளர் ஜார்ஜியானா ஹென்றியும் ஹொனலூலுவில் விமானத்தில் மறுபடி ஏற விடப்படவில்லை. கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1955 அக்டோபர் 7 அன்று, ஹூஸ்டனில் நார்மன் கிரான்ஸ் என்ற கச்சேரி அமைப்பாளர் நடத்திய கச்சேரி. கறுப்பர், வெள்ளையர் என்று இருக்கைகளைப் பிரிக்கக் கூடாது என்பது கிரான்ஸின் நிபந்தனை. கழிப்பறைக் கதவுகளில் இருந்த பலகைகளையும் கழற்றிவிட்டார். முதல் காட்சி நடக்கும்போதே சாதாரண உடையில் வந்த போலீஸார் எல்லாவின் அறைக்குள் புகுந்தார்கள். டிஸ்ஸியும் இல்லினாய் ஜாக்கே என்ற சாக்ஸபோன்காரரும் ஒரு மூலையில் பகடை ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லா சிற்றுண்டியும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூதாட்டம் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். கழிப்பறைப் பக்கம் போன ஒரு போலீஸ்காரர் போதைப்பொருளை வைத்துவிடுவாரோ என்று கிரான்ஸ் பின்னாலேயே போய் நின்றார். காவல் நிலையத்தில் தன்னிடம் ஆட்டோகிராஃப் கேட்டார்கள் என்று எல்லா பல ஆண்டுகள் கழித்தும் ஆற்றாமையோடு சொன்னார். தலைக்குப் பத்து டாலர் கட்டி வெளியே வந்து, அதே இரவில் இரண்டாவது காட்சியையும் நடத்தினார்கள்.

பில்லி ஹாலிடே கடைசி வரை ஊர் ஊராக அலைந்தது ஏன்? நியூயார்க்கிலேயே பாடியிருக்கலாமே?

பாட விடவில்லை. அன்று நியூயார்க்கில் மது விற்கும் இடங்களில் வேலை செய்ய 'கேபரே கார்டு' என்ற போலீஸ் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1947இல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றதும் பில்லியின் சீட்டு பறிக்கப்பட்டது. பெரிய அரங்கில் பாடலாம், கிளப்பில் பாடக் கூடாது. 1948 மார்ச்சில் சிறையிலிருந்து வெளிவந்தவர் சில நாட்களிலேயே கார்னகி ஹாலை நிறைத்தார். அதே ஊரில் ஒரு சின்ன கிளப்பில் வாரக் கணக்கில் பாடிச் சம்பாதிக்க வழியில்லை. ஒரு ஜாஸ் பாடகருக்கு அன்றாடச் சோறு போடுவது கிளப்தான். ஆகவே சிகாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ என்று அலைச்சல்.

அந்தக் காலத்தில் அவருக்குப் பியானோ வாசித்தவர் பாபி டக்கர். சிறையிலிருந்து வந்த பில்லி தங்கியது நியூ ஜெர்சியில் உள்ள டக்கரின் பெற்றோர் வீட்டில். பக்கவாத்தியக்காரர் என்ற உறவு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாடகருக்குப் பின்னால் வாசிப்பது சுலபமான வேலைதானே? தனி ஆவர்த்தனம்தானே கஷ்டம்?

வாசித்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. முதலில் பியானோ. பாடகி எடுக்கப்போகும் முதல் சுரம் அவர் காதில் விழும்படி முன்னிசை முடிய வேண்டும். அவர் பாடும்போது அதே மெட்டைக் கூடவே வாசித்தால் அவர் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகும். அவர் மூச்செடுக்கும் இடைவெளியில்தான் பியானோ பேசலாம், அங்கும் அளவோடு. சாக்ஸபோன்காரருக்குப் பின்னால் விசித்திரமான ஒரு 'கார்ட்' (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள்) வைத்தால் அது அவருக்கு உற்சாகம். நீண்ட சுரத்தில் நிற்கும் பாடகிக்குப் பின்னால் அதையே வைத்தால் அவர் சுருதி விலகிவிட்டதைப் போலக் கேட்கும். பாட்டுக்கு முன்னால் வரும் 'வெர்ஸ்' பகுதியில் தாளமே இருக்காது. நம் கச்சேரியில் விருத்தம் பாடும்போது வயலின் எப்படிப் பின்தொடருமோ, அப்படி வாயைப் பார்த்துப் போக வேண்டும்.

பில்லி ஹாலிடே இன்னொரு சோதனை. அவர் வேண்டுமென்றே தாளத்துக்குச் சற்றுப் பின்னால் பாடுவார். புதிதாக வருகிறவர் 'அம்மா பின்தங்கிவிட்டார்' என்று நினைத்து வேகத்தைக் குறைத்தால் மொத்தப் பாட்டும் சரிந்துவிடும். நாம் அசையாமல் போக வேண்டும். அவர் எங்கே வந்து சேர வேண்டுமோ அங்கே சரியாக வந்து சேருவார். எவ்வளவு மெதுவான பாட்டானாலும் கடிகாரம் வைத்துப் பார்த்தாலும் அவர் தாளம் பிசகாது என்பது டக்கரின் சாட்சியம்.

இந்த வேலையில் பெரிய பெயர்கள் உண்டு. ஹாங்க் ஜோன்ஸ் 1940களின் கடைசியிலிருந்து 1953 வரை எல்லாவுக்கு வாசித்தார். டாமி ஃப்ளானகன் 1963 முதல் 65 வரையும் அப்புறம் 1968 முதல் 78 வரையும். ஃப்ளானகன் எப்பேர்ப்பட்ட பியானோக்காரர் என்பதை உலகம் முழுதாக உணர்ந்தது அவர் விலகித் தன் சொந்த மூவர் குழுவோடு வாசித்தபோதுதான். சார்லி பார்க்கருடன் வாசித்த டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸ், 1953 முதல் 1958 வரை சாரா வானுடன் ஊர் சுற்றினார். குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து ஒரு மெதுவான பாட்டை விழாமல் தாங்குவது எப்படி என்று அந்தப் பதிவுகளில் கேட்கலாம்.

பாடகர்கள் வந்தாலே 'கட்டை'ப் பிரச்சினை என்று வாத்தியக்காரர்கள் சலித்துக்கொள்வது ஏன்?

டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர்களுக்கு விரல் பழகிய சுருதிகள் சில உண்டு: எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். எல்லாப் பாட்டையும் அவற்றிலேயே ஆயிரம் முறை வாசித்திருப்பார்கள். பாடகிக்குத் தன் குரல் எங்கே நிற்கிறதோ அதுதான் சுருதி. அது பன்னிரண்டில் எதுவாகவும் இருக்கலாம். தெரிந்த பாட்டே தெரியாத பாட்டாகிவிடும்.

சலிப்பு நியாயம்தான், ஆனால் அதில் ஒரு மறைப்பும் உண்டு. எல்லாச் சுருதியிலும் வாசிக்கத் தெரிந்தவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஜிம்மி ரோல்ஸ் என்ற பியானோக்காரர் பில்லி, பெக்கி லீ, சாரா, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று எல்லோருக்கும் வாசித்தவர். மறந்துபோன பழைய பாட்டுகளெல்லாம் அவர் நினைவில் இருந்தன. அவரைப் போன்றவர்கள் பாடகிகளைப் பற்றிப் பேசும்போது வேறு தொனியில் பேசுவார்கள். சாராவே பியானோக்காரர் என்பதால் பின்னால் தவறாக ஒரு சுரம் விழுந்தால் உடனே தெரிந்துவிடும். எல்லாவின் குரலை வைத்தே வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவருடன் வாசித்தவர்கள் மத்தியில் வழக்கமான பேச்சு.

மேடையில் வரி மறந்துபோனால் என்ன செய்வார்கள்?

இதற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. 1960 பிப்ரவரி 13, பெர்லின். எல்லாவுக்குப் பின்னால் பால் ஸ்மித் பியானோ, ஜிம் ஹால் கிட்டார், வில்ஃப்ரெட் மிடில்புரூக்ஸ் பாஸ், கஸ் ஜான்சன் டிரம்ஸ். 'மேக் த நைஃப்' பாட்டின் நடுவே எல்லாவுக்கு வரிகள் மறந்துவிட்டன. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே வரியாக்கிப் பாடி, அந்தப் பாட்டை முன்பு பாடியவர்களின் பெயர்களை இழுத்து, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரக் குரலையும் எடுத்துப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது.

எல்லோரும் எல்லாவின் சமயோசிதத்தைப் பாராட்டுவார்கள். நான் கேட்கச் சொல்வது பின்னாலிருக்கும் நால்வரை. அந்தப் பாட்டில் சரணங்கள் ஏற ஏறச் சுருதியும் அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறும். அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாத நேரத்திலும் நால்வரும் அந்த ஏற்றத்தைச் சரியான இடத்தில் வைத்தார்கள். ஒருவர் தயங்கியிருந்தாலும் எல்லாவுக்குக் கால் வைக்கத் தரை இருந்திருக்காது.

வாத்தியக்காரர்கள் பாடகர்களை இளக்காரமாகத்தான் பார்த்தார்களாமே?

பலர் பார்த்தார்கள். இசை படிக்கத் தெரியாதவர், அழகுக்காகச் சேர்த்தவர், நடுவில் வந்து நேரத்தைத் தின்பவர் என்ற பேச்சு இருந்தது. சம்பளம் பற்றிய பதிலில் சொன்ன சங்கப் பிரிவும் அதற்குத் துணைபோனது: ஒரே பேருந்தில் போனாலும் சட்டப்படி இவர்கள் கலைஞர்கள், அவர்கள் வேறு.

ஆனால் பெரிய கலைஞர்களின் நினைவுகளில் அந்தத் தொனி இல்லை. டெனர் சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங்தான் பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தார்; பில்லி அவரை 'பிரெஸ்' (பிரசிடென்ட் என்பதன் சுருக்கம்) என்றார். 1937இல் இருவரும் சேர்ந்து செய்த பதிவுகளில் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பாட்டை வாசிக்குமுன் அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது லெஸ்டரின் கொள்கை. பில்லியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் பியானோ வாசித்த மால் வால்ட்ரனும் அதையே சொன்னார்: சுரத்தை மட்டும் பார்க்காமல் வார்த்தையை நினைத்து வாசிக்கப் பழகியது பில்லியிடம்தான். எதிர்த்திசையிலும் கற்றல் நடந்தது. சினாட்ரா, டாமி டோர்ஸி டிராம்போனில் மூச்சு விடாமல் வாசிப்பதைப் போலத் தோன்றும் நீண்ட வரிகளைப் பின்னாலிருந்து கவனித்துத்தான் தன் மூச்சுப் பழக்கத்தை அமைத்துக்கொண்டார்.

என் கருத்தைக் கேட்டால், வாத்தியக்காரர்களின் இந்த நினைவுகளின் பெரிய மதிப்பே இதுதான். இந்தப் பெண்கள் எப்பேர்ப்பட்ட இசைக்கலைஞர்கள் என்பதற்கு, அவர்களுக்குப் பின்னால் இரவுக்கு இரவு உட்கார்ந்திருந்தவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாடகர் எப்போது முதலாளி ஆனார்?

இரண்டாம் உலகப்போர் காலத்தில். 1942 ஆகஸ்ட் 1 முதல் வாத்தியக்காரர் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் உரிமைப் பணம் தர வேண்டும் என்பது கோரிக்கை. பெரிய நிறுவனங்கள் எல்லாமே இறங்கிவர 1944 நவம்பர் ஆனது. பாடகர்கள் சங்கத்தில் இல்லாததால் அவர்களுக்குத் தடை இல்லை! வாத்தியமே இல்லாமல், குரல் குழுவைப் பின்னணியாக வைத்துத் தட்டுகள் வெளிவந்தன. சங்கம் வெளியே நிறுத்தியவர்கள் அதனாலேயே முன்னுக்கு வந்துவிட்டார்கள்.

போர் முடிந்ததும் பெரிய குழுக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1946இன் முடிவில் பென்னி குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டோர்ஸி உட்படப் பல தலைவர்கள் குழுவைக் கலைத்தார்கள். அப்புறம் பாடகரின் பெயர்தான் பலகையில். பின்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூவர். கொஞ்சம் வசதி குறைந்த பாடகர் தனியாகவே வருவார். பெட்டியில் தன் சுருதியில் எழுதிய தாள்கள் இருக்கும். அந்தந்த ஊர் மூவர் குழுவோடு மதியம் ஓர் ஒத்திகை, இரவு மேடை. தாளம், தொடக்கம், முடிவு மூன்றையும் பேசிக்கொண்டால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கு.

பெட்டி கார்ட்டருடன் வாசித்தவர்கள் எல்லோரும் பயத்தோடும் பாசத்தோடும் பேசுகிறார்களே, அவர் என்ன செய்தார்?

முதலில் அவர் பட்டது. 1948இல் லயனல் ஹாம்ப்டன் குழுவில் சேர்ந்தார். தலைவரின் ரசனையை முகத்துக்கு நேரே விமர்சித்ததால் ஹாம்ப்டன் அவரைப் பலமுறை வேலையை விட்டு நீக்கினார். கணக்குவழக்கு பார்த்த அவருடைய மனைவி கிளாடிஸ் ஒவ்வொரு முறையும் திரும்பச் சேர்த்துவிட்டார். 'பெட்டி பீபாப்' என்று ஹாம்ப்டன் வைத்த பெயரைப் பெட்டி வெறுத்தார் (பீபாப் என்பது அன்றைய புதிய ஜாஸ் பாணி). அதில் 'பெட்டி' மட்டும் ஒட்டிக்கொண்டது. எந்த இசைத்தட்டு நிறுவனமும் சரிவராததால் 1969இல் சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்.

பிறகு அவருடைய மூவர் குழுவே ஒரு பள்ளிக்கூடம் ஆனது. ஜான் ஹிக்ஸ், மல்க்ரூ மில்லர், பென்னி கிரீன், சைரஸ் செஸ்ட்நட், ஜாக்கி டெராசன் என்று பியானோக்காரர்கள். கென்னி வாஷிங்டன், லூயிஸ் நாஷ் போன்ற டிரம்ஸ் கலைஞர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள். பாட்டின் வேகம் நடுவழியில் தலைகீழாக மாறும், அவர் தோளை அசைப்பதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். மற்றவர் யாரும் துணியாத அளவு மெதுவாக ஒரு பாட்டைப் பிடிப்பார், உடனே மூச்சு முட்டும் வேகத்தில் அடுத்தது. நேற்று கைதட்டல் வாங்கிய அதே வாசிப்பை இன்றும் வாசித்தால் கோபம் வரும். அந்தப் பேருந்துக்காலப் பயிற்சி இனி யாருக்கும் கிடைக்காது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். 1993இல் இளம் கலைஞர்களுக்காக 'ஜாஸ் அஹெட்' என்ற பயிற்சித் திட்டத்தையும் தொடங்கினார். 1998இல் இறந்தார்.

இந்த நினைவுகளையெல்லாம் நம்பலாமா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்களே?

பொதுவாகச் சொன்னால், உணர்வை நம்பலாம், தேதியைச் சரிபார்க்க வேண்டும். பில்லியின் பெயரில் 1956இல் வந்த சுயசரிதையை எழுதிக் கொடுத்தவர் வில்லியம் டஃப்டி என்ற பத்திரிகையாளர். அதில் பிறந்த ஊர் பால்டிமோர் என்று இருக்கிறது. ஆவணங்களின்படி அவர் பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில். ஆகவே மேலே நான் '14 டாலர்', 'முகத்தில் சாயம்' என்று எழுதிய இடங்களில் 'அவர் சொன்னார்' என்றே வைத்திருக்கிறேன்.

இன்னும் சிக்கலான ஒன்று: 1938 தொடக்கத்தில் பில்லி பேசி குழுவை விட்டு ஏன் போனார்? சம்பளமும் வேலை நிலைமையும் சரியில்லை என்று ஒரு பக்கம். அவர் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை, சொன்ன பாட்டைப் பாட மறுத்தார் என்று இன்னொரு பக்கம். சொல்பவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்துக் கதை மாறுகிறது. இசையைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றால், இருவருக்கும் வெவ்வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருந்ததால் ஸ்டூடியோப் பதிவு ஒன்றுகூட இல்லை. 1937 வானொலி ஒலிபரப்புகளிலிருந்து மூன்று பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆர்ட்டி ஷா குழுவோடு செய்ததும் ஒரே ஒரு பாட்டு. சாரா, டிஸ்ஸி, பார்க்கர் மூவரும் இருந்த 1943ஆம் ஆண்டு ஹைன்ஸ் குழுவுக்கு அதுவும் இல்லை. மேலே சொன்ன வாத்தியக்காரர் சங்கத்தின் ஒலிப்பதிவுப் புறக்கணிப்பு விழுங்கிவிட்டது. அங்கே நினைவு ஒன்றுதான் ஆதாரம். அதனால்தான் 1970களிலிருந்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனமும், பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனமும், 1995இலிருந்து ஹாமில்டன் கல்லூரியும் வயதான கலைஞர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவைத்துப் பதிவுசெய்தது அவ்வளவு முக்கியம். ஒரே சம்பவத்தை மூன்று பேர் சொல்லும்போது மூன்றும் ஒத்துப்போகும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, பின்னால் வாசிப்பவர்களைக் கவனிக்க எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

எல்லாவும் எல்லிஸ் லார்கின்ஸும் 1950இல் செய்த, இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பாடல்கள். குரலும் பியானோவும் மட்டும்தான், ஒளிந்துகொள்ள இடமில்லை. லார்கின்ஸ் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று பாருங்கள். அடுத்து 1957இல் சிகாகோவின் மிஸ்டர் கெல்லீஸ் கிளப்பில் சாரா வான்: ஜிம்மி ஜோன்ஸ் பியானோ, ரிச்சர்ட் டேவிஸ் பாஸ், ராய் ஹேன்ஸ் டிரம்ஸ். பிறகு மேலே சொன்ன பெர்லின் கச்சேரி.

பெட்டி கார்ட்டர் 1979 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் செய்த நேரடிப் பதிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பாட்டே இருபது நிமிடத்தைத் தாண்டும். முதல் முறை பெட்டியைக் கேளுங்கள், இரண்டாவது முறை ஜான் ஹிக்ஸை மட்டும், மூன்றாவது முறை டிரம்ஸில் இருக்கும் கென்னி வாஷிங்டனை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.